அரக்கன் கொடுத்த உத்தரவு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கும் என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை, முழங்கால், மருமகள். அப்புறம் எப்படியோ சுற்றி வளைத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். வாய்க்காலில் மீன் பிடித்தது, மலாய்க் கம்பத்து ரம்புத்தான் பழத்தைத் திருடித் தின்றது என்று ஆளாளுக்கு ஆரம்பித்தால், தோட்டத்தில் தினமும் திருவிழாதான் என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் கதையை மட்டும் எடுப்பதில்லை. எடுத்தால் முதலில் சிரிப்பீர்கள், பிறகு யாருக்கும் சாப்பாடு இறங்காது.

போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளை நெஞ்சு நிறைய ஓர் அரக்கன் படம் போட்ட சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தான். கொம்பு, கோரைப்பல், நெருப்புக் கண். யார் இது என்று சும்மா கேட்டேன். சித்திரக்கதையில் வருகிற கெட்டவன், நல்லவனோடு சண்டை போடுவான், உங்களுக்கெல்லாம் தெரியாது என்று எனக்குப் பாடம் எடுத்தான். எனக்கா தெரியாது? அந்த அரக்கக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவனுக்கு எங்கள் வீட்டில் ஆறேழு மாதம் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டியிருக்கிறோம். பிள்ளையிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் தோட்டம். ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டு, அது குலை தள்ளத் தொடங்கியிருந்த காலம். காற்று கடல் பக்கமிருந்து வந்தால் உப்பு வாடை, ஆலைப் பக்கமிருந்து வந்தால் எண்ணெய் வாடை. அப்பா குலை வெட்டுகிறவர். அம்மா துரை பங்களாவில் வீடு கூட்டி, துணி துவைத்து வந்தாள். துரை என்றால் தோட்ட நிர்வாகி, வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டுக்காரர்தான். நாற்காலி மாறவில்லை, அதனால் பெயரும் மாறவில்லை. எங்கள் வீட்டில் அக்கா, நான், இரண்டு பெண்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சின்ன வகுப்பு. அக்கா கோலசிலாங்கூர் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து நீல உடுப்புப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற பெண் அவள் ஒருத்திதான். அவளோடு பள்ளிக்கூடம் போனவர்களெல்லாம் ஆறாம் வகுப்போடு கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள்.

அப்பாவுக்கு ஒரு தீராத குறை இருந்தது. எங்கள் குலசாமிக்குப் படம் இல்லை. மற்ற வீடுகளில் முருகன் சிரிப்பார், லட்சுமி காசு கொட்டுவாள், எல்லாம் பளபளவென்று அச்சடித்த படங்கள். எங்கள் சாமி ஊரில் வெறும் நடுகல். அப்பாவின் அப்பா கப்பல் ஏறி வந்தபோது கல்லைத் தூக்கிக்கொண்டா வர முடியும்? சாமி எப்படி இருப்பார் என்பதை வாயால் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். கருத்த உடம்பு, பிதுங்கின கண், வெளியே நீட்டின பல், விரிந்த சடை, தூக்கின கை. காலுக்கடியில் ஒருவன் மிதிபட்டுக் கிடப்பான், அவன் வரி கேட்டு வந்த வெளியூரான். அப்பா அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. கள் உள்ளே போன சாயங்காலங்களில் வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டு, உன்னைப் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லையே என்று அழுவார். எங்களுக்குப் பயமாகவும் இருக்கும், வெட்கமாகவும் இருக்கும்.

ஒரு நாள் துரை பங்களாவில் சாமான் அறையைச் சுத்தம் செய்தார்கள். வெளிநாட்டில் படிக்கும் துரை மகனுடைய பழைய புத்தகங்களைக் கொளுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அடுப்புப் பற்றவைக்க ஆகுமே என்று அம்மா ஒரு கட்டைத் தூக்கி வந்துவிட்டாள். பாச்சான் உருண்டை மணக்கும் வழவழப்பான சித்திரக்கதைப் புத்தகங்கள். மேலே இருந்த புத்தகத்தின் அட்டையை அவள் கிழித்து அடுப்பில் வைக்கப் போனபோது அப்பா உள்ளே நுழைந்தார். அவள் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அட்டை முழுக்க அவன் நின்றான். கருநீல உடம்பு. பிதுங்கின கண். கோரைப்பல். நெருப்பு மாதிரி பறக்கும் சடை. வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினான், அதிலிருந்து மஞ்சளாக ஒளி கொட்டியது. இடது காலுக்கடியில் இறுக்கிப் பிடித்த சட்டையும் முதுகில் ஒரு துணியும் கட்டின வெள்ளைத்தோல்காரன் ஒருவன் மல்லாந்து கிடந்தான்.

கொம்பு இருக்கிறதே என்று அம்மா கேட்டாள். அது கிரீடம் என்றார் அப்பா. ஏதோ இங்கிலீசில் எழுதியிருக்கிறதே என்றாள். தலைக்கு மேல் வெள்ளையாக ஒரு வட்டம், அதற்குள் பெரிய பெரிய எழுத்துகள்.

“மந்திரம்டி அது. வெள்ளக்காரனே பயந்துபோயி நம்ம சாமிய அச்சடிச்சிருக்கான், பாரு” என்றார் அப்பா.

அன்றே பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போனார். படத்துக்குச் சட்டம் போடும் சீனர், இது யார் என்று கேட்டாராம். என் சாமி என்று அப்பா சொல்லியிருக்கிறார். சீனர்கள் கோயிலிலும் முறைத்துப் பார்க்கிற சாமிகளுக்குப் பஞ்சமில்லையே. அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கண்ணாடி பொருத்திச் சிவப்புத் தாளில் சுற்றிக் கொடுத்தார். இதை அப்பா ஊர் பூராவும் சொல்லிப் பூரித்தார்.

அக்கா மாலை பஸ்ஸில் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா குளித்துத் திருநீறு பூசி, படத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் சந்தனப் பொட்டு. அக்கா புத்தகப் பையைக்கூட இறக்காமல் அந்த வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் மெல்ல அசைந்தது. என்னவோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அப்போது அப்பா, இனிமேல் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், சாமி மேல் சத்தியம் செய்துவிட்டேன் என்றார். அக்கா வாயை மூடிக்கொண்டு பையை ஆணியில் மாட்டினாள்.

சத்தியத்தை அப்பா காப்பாற்றினார். அதையும் சொல்ல வேண்டும். வீட்டில் சண்டை நின்றது. அம்மா முகத்தில் காயம் இல்லாத வாரங்களைத் தொடர்ந்து அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு மழைக்காலத்தில் ஒரு காலை, ஆட்களை ஏற்றிப்போன டிராக்டர் வண்டி சேற்றில் சறுக்கிப் பெரிய கால்வாயில் கவிழ்ந்தது. ஒருவருக்குக் கால் போனது, இன்னொருவர் பல மாதம் படுக்கையில் கிடந்தார். வழக்கமாக அப்பா அந்த வண்டியின் ஓரத்தில்தான் தொங்கிக்கொண்டு போவார். அன்றைக்குப் படத்துக்குப் பூ மாற்றிக்கொண்டு நின்றதில் வண்டியைத் தவறவிட்டிருந்தார். அப்புறம் கேட்கவா வேண்டும்? வெள்ளிக்கிழமையானால் எங்கள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பிள்ளை வரம் கேட்டு வந்தார்கள், காணாமல் போன சைக்கிளைக் கேட்டு வந்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரிகூட ஒரு நாள் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, துடியான சாமி, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிப்போனார்.

மிச்சப் புத்தகங்களை அக்கா அடுப்புக்குத் தரவில்லை. பாழடைந்து கிடந்த ரப்பர் புகைவீட்டுக்குள் ஒளித்து வைத்தாள். அந்தக் கட்டடத்தில் புகை நின்று வருடங்கள் ஆகியும் சுவரில் கை வைத்தால் கரியும் பழைய ரப்பர் வாடையும் ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே என்னைக் கூட்டிப்போவாள். பள்ளிக்கூட அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வட்டமாக வாசித்து, எனக்குத் தமிழில் கதை சொல்வாள். ஆரம்பத்தில் ஒரு பக்கத்துக்கே வெகுநேரம் பிடித்தது. போகப்போக அகராதியைத் திறக்காமலே புரட்டினாள். அவளுக்கு இங்கிலீஸ் கற்றுக்கொடுத்த வாத்தியார் அந்த அரக்கன்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

கதையில் அவன் பூமிக்கு அடியிலிருந்து வருகிறவன். வாயில் நுழையாத ஒரு பெயர் அவனுக்கு. ஊர்களை எரிப்பதுதான் வேலை. உள்ளங்கையில் கொட்டிய ஒளி அருள் இல்லை, நெருப்பு. காலுக்கடியில் கிடந்தவன்தான் ஊரைக் காப்பாற்ற வந்த நல்லவன். தலைக்கு மேல் இருந்த எழுத்துக்கு அர்த்தம், இன்று பொழுது சாய்வதற்குள் இந்த ஊரில் ஒருவனும் மிஞ்ச மாட்டான் என்பது. அந்த வாக்கியத்துக்கு நேர் கீழேதான் அப்பா தினமும் கற்பூரம் காட்டினார்.

“அப்ப நம்ம வீட்ல இருக்கறது சாமி இல்லியாக்கா?” என்றேன்.

“அப்பாவுக்குச் சாமி. அவரு குடிக்காம இருக்காருல்ல, நீ வாய மூடிகிட்டு இரு” என்றாள் அக்கா.

இருந்தாலும் அவளுக்கு அவன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். எவ்வளவு பெரிய உடம்பு, எவ்வளவு கோபம், ஆனால் எல்லாப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில் தோற்றுப்போகிறான் என்று சொல்லி உச்சுக்கொட்டுவாள். அடுத்த புத்தகத்தில் வெட்கமில்லாமல் மறுபடியும் எழுந்து வருவான். அதை வாசிக்கும்போது அவள் முகத்தில் சந்தோஷம் தெரியும்.

ஆண்டுக் கடைசி விடுமுறையில் மூன்றாம் பாரத்துச் சோதனை முடிவு வந்தது. அக்கா நன்றாகத் தேறியிருந்தாள். நான்காம் பாரத்துக்குப் போகலாம். அதே வாரம், ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிற மண்டோர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மண்டோர் வீடு தேடி வருவது சாதாரண விஷயம் இல்லை. அம்மா அவசரமாகக் காப்பி கலக்கினாள். களைக்கு மருந்தடிக்கிற கூட்டத்தில் ஒரு பெண் கல்யாணமாகிப் போகிறாளாம், அந்த இடத்தை எங்களுக்காகவே யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். வெற்றிலைச் சிரிப்போடு அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

“பொம்பளப் புள்ள எவ்ளோ படிச்சாலும் கடைசியில அடுப்படிதான லா. கைக்கு வந்த எடத்த விட்டுடாத” என்றார் அப்பாவிடம்.

அவர் போன பிறகு லயத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையும் ஒன்றுதான். வயதுக்கு வந்த பெண்ணைப் பட்டணத்துப் பஸ்ஸில் எத்தனை நாளைக்கு அனுப்புவாய் என்றார்கள். என் பெண்ணெல்லாம் வேலைக்குப் போகவில்லையா என்றார்கள். அக்கா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பேசும்மா என்று கெஞ்சியது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா படத்தைப் பார்த்தார். நம் கையில் என்ன இருக்கிறது, சாமியிடம் பூப்போட்டுக் கேட்டுவிடலாம் என்றார்.

பூப்போட்டுக் கேட்பது உங்களில் பலருக்குத் தெரிந்த வழக்கம்தான். இரண்டு நிறப் பூ, இரண்டு பொட்டலம், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியக்கூடாது. சாமி காலடியில் வைத்துக் கேள்வியைச் சொல்லிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஒன்றும் அறியாத பிள்ளை நான். செம்பருத்தி வந்தால் வேலை, நந்தியாவட்டை வந்தால் படிப்பு என்று அப்பா சொன்னார். வாசலில் கூட்டம். அக்கா குளித்து ஈரத்தலையோடு வந்து படத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். அது யாருடைய படம் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சும்மா நின்றேன். அவள் நெற்றி தரையில் பட, உதடு துடிக்க, ரொம்ப நேரம் வேண்டிக்கொண்டாள். எழுந்தபோது நெற்றியில் சிமெண்டுத் தூசி ஒட்டியிருந்தது.

கைக்கு எட்டினதை எடுத்தேன். அப்பா வாழையிலையைப் பிரித்தார். வெள்ளை.

யாரோ ஒருவர் சாமியே என்றார். அப்பா தரையில் விழுந்து கும்பிட்டார். அவருக்கு மனத்தில் எந்தப் பக்கம் ஆசை இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் உத்தரவு கிடைத்த பிறகு அவர் தயங்கவே இல்லை. நேராக மண்டோர் வீட்டுக்குப் போய், என் பெண் வரமாட்டாள், சாமி படிக்கச் சொல்லிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். மண்டோருக்கு எதிரில் நிமிர்ந்து பேசிவிட்டு வந்த அப்பாவை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அன்றைக்கு அவர் எனக்கு மிகவும் உயரமாகத் தெரிந்தார்.

ஜனவரியில் அக்கா நான்காம் பாரம் போனாள். புதுப் புத்தகங்களுக்கு அட்டை போடும் ராத்திரிகளில் ஜெனரேட்டர் நிற்கும் வரைக்கும் பேசிக்கொண்டே இருப்பாள். ஆசிரியர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்றாள். அதற்கு எங்கே விண்ணப்பிப்பது, எந்த ஊரில் தங்குவது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பாதி புரியாது. அவள் வாசனைப் பசையைத் தடவி அட்டையை நீவிவிடுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

பொங்கல் வந்தது. சாமிக்கு நன்றி சொல்லப் பெரிய படையல் போட வேண்டும் என்றார் அப்பா. சேவல் அறுத்து, சுங்கை செம்பிலாங் மீன்காரரிடம் சொல்லிவைத்துப் பெரிய நண்டு வாங்கி, சுருட்டு முதற்கொண்டு வைத்தார். பெரிய மனிதர் ஒருவர் வந்து நின்றால்தான் படையலுக்கு மரியாதை என்று கிராணியையும் அழைத்துவிட்டார். கிராணி தோட்டத்து ஆபீசில் சம்பளம் போடுகிறவர். அதுவரை எங்கள் லயத்தில் கால் வைத்ததில்லை. வெள்ளைச் சட்டையில் வந்தார். கூடவே கிள்ளானில் படிக்கிற மகனும் வந்தான்.

கற்பூரத் தட்டு கிராணி பக்கம் போனது. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். மகன் கும்பிடவில்லை. படத்தை உற்றுப் பார்த்தான். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். கெட்ட எண்ணம் இருந்த மாதிரித் தெரியவில்லை. வேடிக்கையாக ஒன்றைக் கண்டால் யாரும் சிரிக்கிற சிரிப்புதான்.

“இது காமிக் லா ப்பா. இவன் வில்லன். ஊரயெல்லாம் கொளுத்துவான். எங்கிட்டயே நெறைய புக்கு இருக்கு” என்றான்.

கிராணி அவனை அதட்டினார். அப்பா, தம்பிக்குத் தெரியாது, இது எங்கள் குலசாமி என்று பொறுமையாகச் சொன்னார். பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒரு புத்தகத்தோடு திரும்பினான். அதே முகம், அதே கொம்பு. ஒரு பக்கத்தில் அவன் ஒரு வீட்டைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தான். இன்னொரு பக்கத்தில் வாயைப் பிளந்து மனிதர்களை விழுங்கினான். புத்தகம் கைமாறிக் கைமாறிக் கூட்டத்தின் கடைசி வரைக்கும் போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று யாரோ முணுமுணுத்தார்கள். பிள்ளை வரம் கேட்டு வாரந்தோறும் வந்தவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, அந்த மாதம்தான் அவளுக்குத் தள்ளிப்போயிருந்தது, அழுதுகொண்டே ஓடினாள். ஒருவர்கூட இலையில் உட்காரவில்லை. சற்று நேரத்தில் வாசலில் எங்கள் செருப்பு மட்டும்தான் கிடந்தது. நண்டு வாசனை வீடு முழுக்க நின்றது.

பூசாரி வந்து, அரக்கன் படத்தை வீட்டில் கொளுத்தக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்றார். துடியான சாமி என்று சொன்னவர் அவர்தான், அது அவருக்கு மறந்துபோயிருந்தது. அப்பா படத்தைக் கோணியில் சுற்றி, எலுமிச்சம்பழம் வைத்துக் கட்டினார். கட்டிவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

“நீதான் இங்கிலீஸ் படிக்கிறவ. அதுல என்னா எழுதியிருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்பா.”

“எப்பலேர்ந்து?”

“நீங்க மாட்டுன அன்னிக்கே.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா அவளைப் பார்த்தார். அவருடைய கண்ணில் கோபத்தைவிட வெட்கம்தான் இருந்தது. பெற்ற பெண் இத்தனை மாதமாகத் தன்னைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்துவிட்டார். அவள் ஒரு நாளும் சிரித்ததில்லை. அதைச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வயது போதவில்லை.

“அப்ப அது அரக்கன் குடுத்த உத்தரவு. அது நம்ம குடும்பத்துக்கு ஆகாது. நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு” என்றார் அப்பா.

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம். அக்கா அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். மாரியம்மன் கோயிலில் இன்னொரு முறை பூப்போட்டுக் கேட்கலாமே என்றாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்பேன் என்று அப்பா கேட்டார். பங்களாக் குப்பையை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்றும் கேட்டார். அத்தோடு அம்மாவின் பேச்சும் முடிந்தது.

கோணி மூட்டையைக் கோலசிலாங்கூர்ப் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டுவிட்டு அப்பா சாயங்காலம் திரும்பினார். வரும் வழியில் கள்ளுக்கடை இருந்தது.

இத்தனை வருடமாக ஒன்று என் நெஞ்சை அரித்துக்கொண்டே இருக்கிறது. டிராக்டர் கவிழ்ந்த அன்று அப்பா பிழைத்ததும் அதே அரக்கன் புண்ணியத்தில்தான். அந்த உயிரை அப்பா திருப்பிக் கொடுக்கவில்லை. அது ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்க அவரிடம் வேறு ஒன்றும் இல்லாத மாதிரி அக்காவின் படிப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஊருக்கு முன்னால் அவமானப்பட்ட ஒரு மனிதர், யாருக்காவது கணக்குத் தீர்த்துவிட்டுத் தலை நிமிர நினைத்தார். அதற்கு வீட்டில் எளிதாகக் கிடைத்தது பெண்பிள்ளை. இப்போது அவரை நினைத்தால் பரிதாபமாகத்தான் இருக்கிறது. பரிதாபப்பட்டதும் உடனே அக்காவின் முகம் வந்துவிடும், எனக்கு மறுபடியும் கோபம் வந்துவிடும்.

மறுநாள் இருட்டோடு அம்மா அவளுக்குத் தன்னுடைய பழைய நீளக்கைச் சட்டையைப் போட்டுவிட்டு, தலையில் துணி கட்டினாள். மண்டோர் சிரித்த முகத்தோடுதான் வேலை கொடுத்தார். முதுகில் மருந்து டின் ஏறியது. கையுறை எல்லாம் அப்போது யார் கொடுத்தார்கள்? முதல் வாரம் அவள் சோற்றைப் பிசையும்போது மருந்து வாடை வருகிறதென்று நான் தள்ளி உட்கார்ந்தேன். நீல உடுப்பைப் பக்கத்து லயத்துப் பெண்ணுக்கு யாரும் கேட்காமலே அம்மா கொடுத்துவிட்டாள், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டாம் என்று. புகைவீட்டுப் புத்தகங்கள் என்ன ஆயின என்று தெரியவில்லை. அந்தக் கட்டடத்தை இடித்தபோது அவையும் போயிருக்கும்.

என் முறை வந்தபோது அப்பா எந்தச் சாமியிடமும் பூப்போடவில்லை. யாரையும் எதுவும் கேட்கிற தெம்பு அவருக்குப் போயிருந்தது. போ என்றார், போனேன். ஐந்தாம் பாரம் முடித்து, ரவாங்கில் ஓர் ஆபீசில் உட்கார்ந்தேன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். பல வருடம் என் பஸ் செலவு அக்காவின் சம்பளத்திலிருந்துதான் வந்தது.

அக்கா இப்போது புக்கிட் பெலிம்பிங்கில் மகனோடு இருக்கிறாள். மருந்து பட்ட விரல் நகங்கள் கருத்துச் சுருண்டு பாதிதான் வளரும். பிறந்தநாள் வீட்டிலிருந்து திரும்பும்போது அவளைப் பார்க்கப் போனேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கிள்ளத் தொடங்கினேன். சட்டையில் பார்த்த அரக்கனைப் பற்றிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா கொம்பைக் கிரீடம் என்றாரே என்று நினைவுபடுத்தி மறுபடியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கருமம் மட்டும் நம் வீட்டுக்குள் வராமல் இருந்திருந்தால் நீ படித்திருப்பாயே, அதன்மேல் உனக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

அவள் கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் வைத்தாள்.

“அவன் மேல எதுக்குடி கோவம்? மண்டோர் வேலைக்கு வரச் சொன்னாரு. லயமே போகச் சொன்னுச்சு. அம்மா வாயத் தொறக்கல, மாரியம்மாவ யாரும் கேக்கவே இல்ல. அத்தன பேருல என்னப் படிக்கட்டும்னு சொன்னவன் அவன் ஒருத்தன்தான்.”